ரேஞ்ச் பெரிதாக இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழிற்சாலைகளில் பயன்படும் சென்சார்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வகைகளை நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். ஆனால் எந்த வேலைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று வரும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றுதான் எழுதுகிறேன்.

முதல் சறுக்கல் ரேஞ்ச், அதாவது சென்சார் எதுவரை அளக்கும் என்ற எல்லை. குழாயில் 5 பார் அழுத்தம்தான் வரும், ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று 100 பார் வரை அளக்கும் டிரான்ஸ்மிட்டரை (அழுத்தத்தை அளந்து சிக்னலாக அனுப்பும் கருவி) வாங்கி மாட்டிவிடுகிறார்கள். டேட்டாஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில், பிழை 0.5 சதவீதம் என்று போட்டிருக்கும், பார்க்க அருமையாக இருக்கும். அது பெரும்பாலும் முழு அளவான 100 பாருக்குக் கணக்கிட்டது, அதாவது அரை பார். 5 பார் அளக்கும் இடத்தில் அரை பார் பிழை என்றால் பத்து சதவீதம்! டிஸ்ப்ளே 5.03 என்று காட்டுவதால் மட்டும் துல்லியம் வந்துவிடாது. அதே தரத்தில் 10 பார் ரேஞ்ச் எடுத்திருந்தால் பிழை 0.05 பாரோடு நின்றிருக்கும். அழுத்தம் திடீரென்று எகிறுமோ என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் எவ்வளவு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் என்பதைத் தனியாகவே கொடுத்திருப்பார்கள், பார்க்க வேண்டியது அந்த எண்ணை.

வெப்பநிலையிலும் இதே கதைதான். கே வகை தெர்மோகப்பிள் (இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்த வெப்பநிலை சென்சார்) 1000 டிகிரி செல்சியஸுக்கு மேலும் தாங்கும் என்பதற்காக 150 டிகிரி அடுப்புக்கும் அதையே போடுகிறார்கள். கிளாஸ் 2 துல்லியத் தரத்தில் அதற்கு 2.5 டிகிரி வரை கூடவோ குறையவோ அனுமதி உண்டு. பிளாட்டினத்தின் மின்தடை மாறுவதை வைத்து வெப்பநிலையை அளக்கும் பிடி100 சென்சார், கிளாஸ் ஏ தரத்தில் என்றால் அந்த வெப்பத்தில் 0.45 டிகிரிதான். சரி, பிடி100 வாங்கியாச்சு, அப்புறம் செலவை மிச்சப்படுத்த நீளமான கேபிளில் இரண்டு வயர் இணைப்பு கொடுத்தால்? வயரின் மின்தடையும் சென்சாரின் மின்தடையோடு சேர்ந்துவிடும், அது மொத்தம் ஒரு ஓம் இருந்தாலே இரண்டரை டிகிரிக்கு மேல் அதிகமாகக் காட்டும், நல்ல சென்சாருக்குக் கொடுத்த காசெல்லாம் அங்கேயே போய்விடும். அதைத் தவிர்க்க மூன்று வயர், முடிந்தால் நான்கு வயர் கொடுங்கள்.

அளக்கப்போவது நிலையானதா, மாறிக்கொண்டே இருப்பதா என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வேகமான அதிர்வுக்கு அருமையான பீசோ எலெக்ட்ரிக் சென்சாரால் (அழுத்தினால் மின்னூட்டம் உண்டாக்கும் வகை), அசையாமல் நிற்கும் எடையை நீண்ட நேரம் அளக்க முடியாது, அதன் மின்னூட்டம் கசிந்துவிடும்.

அடுத்த கட்டுரையில் ஒரு உண்மையான டேட்டாஷீட்டை எடுத்து, எந்த வரியை எப்படிப் படிப்பது என்று விளக்கினால் மாணவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கருவியியல் துறை வாசகர் ஒருவர்