மாடி வீட்டு வாடகை பாக்கி விஷயமாக

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. காலை நடையை மட்டும் விடவில்லை.

மாடியில் இருப்பவர் மூன்று மாதமாக வாடகை தரவில்லை, கரண்ட்டை நிறுத்திப் பூட்டுப் போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. எவ்வளவு பாக்கி இருந்தாலும் கரண்ட்டையோ தண்ணீரையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. மாடியில் இருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், பணம் வரவேண்டிய நீ அங்கே போய்ப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பாய்.

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தபோது நடப்பில் இருந்தது தமிழ்நாட்டின் 1960 ஆம் வருட வாடகைச் சட்டம். நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் ஆகியும் கட்டாவிட்டால்தான், வேண்டுமென்றே கட்டவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம். இதன்படி இரண்டு மாத பாக்கி இருந்தால் அதைக் கேட்டு நோட்டீஸ் கொடுக்கலாம். அது கிடைத்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுசாகக் கட்டவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குள் கட்டிவிட்டால் அந்தப் பாக்கியைக் காட்டிக் காலி செய்யச் சொல்ல முடியாது.

அந்த ஒரு மாதம் வீண் என்று நினைக்காதே. நோட்டீஸ் வந்த பிறகு நகையை அடகு வைத்து, சொந்தக்காரர்களிடம் கேட்டு, எப்படியாவது புரட்டிக் கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முடியாதவர்களுக்கும் வேறு வீடு பார்க்க, அட்வான்ஸ் தேட, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு வழி பண்ண நாள் வேண்டாமா? முன்பிருந்த கெடுவில் பாதிதான் இப்போது இருக்கிறது. அதையும் தர மறுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் கொடுத்த அட்வான்ஸும் உன்னிடம்தானே இருக்கிறது, இன்னும் நீ கைநஷ்டப்படவில்லை.

ஷெட்டை மூடியதால் அவருக்கு வேலை போய்விட்டது என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். முதலில் மாடிக்குப் போய் உட்கார்ந்து பேசு. பாதியாவது எப்போது தர முடியும் என்று கேள். சரிவரவில்லை என்றால் எந்தெந்த மாதம், எவ்வளவு என்று விவரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள். நேரிலும் கொடுக்கலாம், அவர் இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவரிடம் கொடுக்கலாம். அதற்கெல்லாம் வழியே இல்லாதபோதுதான் கதவில் ஒட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் ஒட்டி அக்கம்பக்கத்தில் அவர் மானத்தை வாங்காதே. மாடிப்படியில் நின்று சத்தம் போட்டதெல்லாம் நோட்டீஸ் ஆகாது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாயா? புதுச் சட்டத்தில் அது கட்டாயம். நகலை அனுப்பிவை. பேசிப் பார்த்தும் நடக்கவில்லை என்றால் நோட்டீஸை நானே எழுதித் தருகிறேன்.

மதினியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்லத்துரை