காபூலில் மறைத்த ஓவியங்களும் கடலூர் மாடிக் கூடமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளியான நடுப்பக்கக் கட்டுரை, ஆப்கானிஸ்தானில் புதிய அரசொன்றை நிறுவ அமெரிக்கா எடுத்த முயற்சி தோற்றதற்குப் பணமும் பொறுமையும் போதாமற்போனதே காரணம் என்று முடித்திருந்தது. பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு அந்த முடிவு ஏற்புடையதாக இல்லை.

2002 முதல் 2021 வரை, போர்ச் செலவு நீங்கலாக, மறுசீரமைப்புக்கென்று மட்டும் அமெரிக்கா ஒதுக்கிய தொகை சுமார் 14,500 கோடி டாலர். பணம் பற்றவில்லை என்பது இதற்கு மேல் எடுபடாது. இருபது ஆண்டு என்பதும் குறைந்த காலமன்று. ஆப்கன் விமானப்படைக்காக இத்தாலியிலிருந்து வாங்கிய 20 பழைய ஜி-222 சரக்கு விமானங்களுக்கு ஏறத்தாழ 55 கோடி டாலர் செலவாயிற்று. உதிரிபாகம் கிடைக்காமல் சில ஆண்டுகளிலேயே முடங்கிப்போன அவற்றில் 16 விமானங்களை 2014-இல் உடைத்து, காயலான் கடைக் கணக்கில் 32,000 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். இந்த விமானம் நமக்கு வேண்டுமா, பழுதானால் பார்க்க ஆள் உண்டா என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் காபூலில் இருந்தார்கள். செலவுக்குக் கணக்குக் கேட்ட இடமோ வாஷிங்டனில் இருந்தது. திட்டம் போடுகிறவர் ஓரிடத்திலும், அதை வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியவர் வேறிடத்திலும் இருந்ததே இத்தோல்வியின் வேர் என்பது என் கருத்து.

இத்தகைய முயற்சி வெற்றி பெற்றதற்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியையும் ஜப்பானையும் கட்டுரையாளர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அந்நாடுகளில் வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் பள்ளி நடத்தவும் பழகிய உள்ளூர் அலுவலர்கள் போருக்கு முன்பே இருந்தார்கள். ஜப்பானில் ஆக்கிரமிப்புப் படையே அவர்கள் வழியாகத்தான் ஆட்சி நடத்தியது. மாறாக, ஈராக்கில் 2003 மே மாதத்தில் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் பிறப்பித்த முதல் இரண்டு ஆணைகள், சதாம் உசேனின் பாத் கட்சிக்காரர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கி, இராணுவத்தையும் கலைத்துவிட்டன. ஆயுதம் பிடிக்கத் தெரிந்த இலட்சக்கணக்கானோரைச் சம்பளமின்றித் தெருவில் விட்டதன் பலனை எல்லோரும் பார்த்தோம்.

இக்கட்டுரையைப் படித்த மறுநாள் மஞ்சக்குப்பத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கும் சிறிய ஓவியக் கூடத்துக்குச் சென்றிருந்தேன். இரண்டே அறைகள், ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் கூட்டிப் பெருக்குவது முதல் வருகைப் பதிவேட்டை நீட்டுவது வரை எல்லாம் தாமே செய்து நடத்துகிறார். கெடிலம் ஆற்றுப் பாலம், தானே புயலில் சாய்ந்த பண்ருட்டிப் பலா, சில்வர் பீச்சில் வலை உலர்த்தும் பெண்கள் என்று சுவர் நிறையப் படங்கள். எல்லாமே நல்ல படங்கள் என்று சொல்ல மாட்டேன்; பலா மரம் மட்டும் கண்ணை விட்டு அகலவில்லை.

பேச்சு காபூலுக்குப் போயிற்று. தாலிபான்களின் முதல் ஆட்சியில் உயிருள்ளவற்றை வரைவது குற்றமாயிருந்தபோது, அங்குள்ள தேசிய ஓவியக் கூடத்தில் மருத்துவரும் ஓவியருமான முகமது யூசுப் அசேபி என்பவர், சுமார் 80 எண்ணெய் வண்ண ஓவியங்களில் இருந்த மனித உருவங்களையும் விலங்குகளையும் நீர்வண்ணம் பூசி மறைத்தார். 2001 இறுதியில் அந்த ஆட்சி வீழ்ந்த பிறகு அதை ஈரத்தால் துடைத்து எடுத்தார். இது உண்மையில் நடக்கக்கூடியதுதானா என்று மாஸ்டரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய், கட்டுமரத்தில் ஒருவர் நிற்கும் தம் பழைய எண்ணெய் ஓவியம் ஒன்றை எடுத்து வந்தார். “வெறும் நீர்வண்ணம் எண்ணெயின் மேல் முத்து முத்தாக உருண்டுவிடும், சார்” என்றபடி நீலத்தில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரைக் கலந்து அந்த மனிதரின் மேல் பூசினார். காய்ந்ததும் கடலும் ஆளில்லாத கட்டுமரமும் மட்டுமே இருந்தன. பிறகு ஈரப் பஞ்சால் இரண்டு முறை ஒற்றி எடுத்தார். முதலில் தோளும் துடுப்பும் தெரிந்தன, அடுத்து முகம் வந்தது.

ஓர் ஓவியரின் துணிவைக் கொண்டு ஒரு நாட்டை நடத்திவிடலாம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அக்கூடத்தை அன்று காத்தது அங்கேயே வாழ வேண்டியிருந்த ஒருவரின் கைத்தொழில் அறிவு. எந்த நாட்டின் நிதி ஒதுக்கீடும் அன்று.

இதை அமெரிக்காவின் குறையாக மட்டும் எழுதிவிடுவது நமக்கு எளிது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படை அங்கே என்ன செய்தது? 1988-இல் தேர்தல் நடத்தி வடகிழக்கு மாகாண சபையை அமைத்தது. அதைக் காக்க, இளைஞர்களை வீதியில் பிடித்துச் சேர்த்துத் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற ஒன்று உருவாக்கப்பட்டது. 1990 மார்ச்சில் நம் படை கப்பலேறியபோது அந்த இராணுவமும் இல்லை, அச்சபையின் முதலமைச்சர் வரதராஜப் பெருமாளும் அங்கில்லை. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். தமிழர்களுக்காகச் சென்றதாகச் சொல்லப்பட்ட அப்படை சென்னை திரும்பியபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. மொழி தெரியாததால் அமெரிக்கர்கள் தோற்றார்கள் என்று கட்டுரையாளர் ஓரிடத்தில் சொல்வதை, பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்த இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கடலூர்க்காரர்களுக்கு இது புதிய கதையும் அன்று. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனி, பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரை தன் எல்லை என்று வகுத்துக்கொண்டது. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயர். அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்பொருள் குறித்துத் தாங்கள் மேலும் கட்டுரைகள் வெளியிடுவதாக இருந்தால், 1987-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட அந்த மூன்றாண்டுகளையும் சேர்த்து எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாடிக் கூடம் மாலை வேளைகளில் திறந்திருக்கிறது. கட்டுரையாளர் கடலூர்ப் பக்கம் வந்தால், அந்தக் கட்டுமரப் படத்தை எடுத்துக் காட்டும்படி மாஸ்டரிடம் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.