நம் நூலகத்துக்கு ஐம்பது வயது

சிங்கப்பூர்,
30.4.2020

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லாரும் நலம். பெர்த்தில் நீங்களும் நலம் என்று கண்ணன் சொன்னான். உன் முழங்காலைப் பற்றிக் கேட்க மாட்டேன். கேட்டால் இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதுவாய்.

இன்று என்ன நாள் என்று நினைவிருக்கிறதா? 1970 ஏப்ரல் 30 அன்றுதான் மார்கரெட் டிரைவில் நம் குவீன்ஸ்டவுன் நூலகத்தைப் பிரதமர் லீ குவான் யூ திறந்துவைத்தார். நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம். இன்று அதற்குப் பொன்விழா. ஆனால் கொரோனாவால் 7ஆம் தேதியிலிருந்து எல்லா நூலகங்களும் மூடியிருக்கின்றன. மூடியது சரிதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. காலையில் முகக்கவசம் அணிந்து நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

முகப்பில் அந்தப் போ டை (கழுத்தில் கட்டும் வண்ணத்துப்பூச்சி முடிச்சு) வடிவங்கள் அப்படியே இருக்கின்றன. சுற்றிலும்தான் நமக்குத் தெரிந்த எதுவும் இல்லை. உணவங்காடி போயிற்று, திரையரங்குகள் போயின, நீங்கள் குடியிருந்த பதினான்கு மாடிக் கட்டடமும் போய் வெகுகாலமாயிற்று. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்த செங்கல் கட்டடத் தேசிய நூலகத்தைச் சுரங்கச் சாலைக்காக 2004இல் இழந்தபோது அலமேலு அக்கா அழுதாரே, இதற்கும் அந்தக் கதிதான் என்று அன்று நினைத்தேன். 2013இல் இந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்போவதாக அறிவித்த பிறகுதான் நிம்மதி வந்தது.

ஆனால் சேகர், கட்டடம் நின்றால் மட்டும் போதுமா? தமிழ் அலமாரிப் பக்கம் பிள்ளைகளைக் காண்பதே அரிதாகிவிட்டது. யாரும் இரவல் எடுக்காத நூலை எந்த நூலகம்தான் எத்தனை காலம் வைத்திருக்கும்? என் பேத்தி நன்றாகத் தமிழ் பேசுகிறாள். புத்தகத்தை நீட்டினால் ஓடிவிடுகிறாள். நம் சிறுவயதில் நம் வீடுகளில் புத்தகம் ஏது? மூவறை வீட்டில் ஒன்பது பேர், விரித்துப் படிக்க ஒரு மேசை கிடையாது. பள்ளிச் சீருடையோடு நூலகத்துக்கு ஓடிப்போய் எனக்கும் சேர்த்து நாற்காலி பிடித்துவைப்பாயே! கண்ணன் தேர்வுக்குப் படித்ததும், நான் ஒரு நாவலை முதன்முதலாக முழுதாகப் படித்து முடித்ததும் அங்கேதான். நம் மூவரையும் ஆளாக்கிய இடம் அது.

திறந்ததும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வாரம் ஒருநாள் சிறுவர்களுக்குத் தமிழ்க் கதை படித்துக்காட்ட அனுமதி கேட்கவும் போகிறேன். கண்ணன் சம்மதித்துவிட்டான், அவன் தொண்டையைக் கேட்டுப் பிள்ளைகள் மிரளாமல் இருக்க வேண்டும்.

உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த முதல் ஆண்டுகளைப் பற்றி நினைவில் இருப்பதையெல்லாம் எழுதி அனுப்பு. பிள்ளைகளிடம் அதையும் படித்துக்காட்டுவேன். தமிழில் எழுது; ஆங்கிலத்தில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். விமானங்கள் பறக்கத் தொடங்கியதும் நேரிலும் வா. மீனாட்சி உனக்கென்று எலுமிச்சை ஊறுகாய் போட்டுவைத்திருக்கிறாள்.

அன்புடன்,
கோவிந்தன்