வாடகை வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி யாருடைய கொப்பியில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வவுனியா நகரசபை மாநகரசபை ஆனதிலிருந்து வடிகால், வீதி விளக்கு, கடைத்தொகுதி என்று உங்கள் பக்கத்துக்கு வருகிற கடிதங்களுக்குக் குறைவில்லை. குடும்பநல உத்தியோகத்தர்களை, அதாவது நாங்கள் மிட்வைஃப் என்று கூப்பிடுகிறவர்களைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். டவுனில் பெரியாஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, வீடு வீடாக ஆள் வந்து என்ன செய்ய என்ற நினைப்பாக இருக்கலாம். எனக்கென்றால் டவுனுக்குத்தான் அவர்கள் கூடுதலாகத் தேவை என்று படுகிறது.

கிராமத்தில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால் செய்தி தானாகவே மிட்வைஃபின் காதுக்குப் போய்விடும். மாமி சொல்லுவா, முன்பள்ளி ரீச்சர் சொல்லுவா, கடைக்காரர்கூடச் சொல்லுவார். டவுனில், குருமன்காட்டில் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கிற பிள்ளையைப் பற்றி யார் சொல்லுவது?

எங்கள் வீட்டில் குடியிருக்கிற இளம் தம்பதி மல்லாவிப் பக்கத்து ஆட்கள். அவர் கடையில் வேலை, அவ ஆடைத்தொழிற்சாலையில். கர்ப்பிணிப் பதிவு ஊரில், ஆள் இங்கே. ஊர் மிட்வைஃப் போனால் வீட்டில் ஆளில்லை, இங்குள்ள மிட்வைஃபின் கொப்பியில் பெயரில்லை. லீவு எடுத்தால் சம்பளம் வெட்டுவார்கள் என்று அந்தப் பிள்ளை கிளினிக்குக்கும் ஒழுங்காகப் போகவில்லை. இரும்புச்சத்துக் குளிசையும் இல்லை, திரிபோஷா சத்துமாவும் இல்லை. என் மனைவி சந்தியில் கண்டு சொன்ன பிறகுதான் இங்குள்ள மிட்வைஃப் அக்கா வந்தா. அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லை. ஆனால் சந்தியில் காணாமல் விட்டிருந்தால்?

இந்த வேலையின் முழுப் பலமும் பதிவுக் கொப்பியில்தான் இருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு நாட்டில் வளர்ந்து வந்த ஏற்பாடு இது. கிட்டத்தட்ட 3000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பது கணக்கு. கர்ப்பம் தரித்த உடனே பதிவு, பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரம் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, அப்புறம் மாதாமாதம் நிறை, உரிய வயதில் தடுப்பூசி. தாய் மரணம் இந்த நாட்டில் இவ்வளவு குறைந்ததில் பெரியாஸ்பத்திரிக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அங்கே போகவேண்டியவரை நேரத்துக்கு இனங்கண்டு அனுப்பியவர் யார்?

ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் போதுமென்றால் கொழும்பில் ஒரு நோயும் வரக்கூடாது. 2019இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அது திரும்பி வந்து முதலில் பரவியதே கொழும்பில்தான். ஊசி போடாதவர்களைத்தான் அது கூடுதலாகத் தேடிப் பிடித்தது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் பாடும் டவுனில் இதே பாடுதான். மாரி தொடங்கினால் டெங்கு. அது போதாதென்று, பட்டணத்துக் கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகக்கூடிய, மலேரியாவைப் பரப்புகிற, நாட்டுக்குப் புதிய நுளம்பு இனம் ஒன்றை 2016 கடைசியில் மன்னாரில் கண்டுபிடித்தார்கள். நாடு மலேரியா இல்லாதது என்று சான்றிதழ் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன! பூட்டிய கேற்றுக்கு வெளியே நின்று பரிசோதகர் எதைப் பார்ப்பது?

ஆளணி போதாது என்பார்கள். சரி, சண்டைக் காலத்திலும் முகாம்களிலும் வேலை செய்த சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்ததை எல்லாரும் பார்த்தோம்தானே. முகாமில் பெயர் தெரியாத ஆட்களுக்கு நடுவே வேலை செய்து பழகியவர்கள் டவுனுக்குத் தோதானவர்கள் இல்லையா?

பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மிட்வைஃப் பிரிவுகளைப் பிரிக்கும்போது வாடகைக்கு இருப்பவர்களையும் எண்ணுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கிளினிக் வையுங்கள். எந்த ஒழுங்கைக்கு எந்த மிட்வைஃப், அவருடைய அலுவலகத் தொலைபேசி இலக்கம் என்ன என்று கிராம அலுவலர் அலுவலகங்களில் ஒட்டிவிடுங்கள். வீடு வாடகைக்குக் கொடுக்கிற எங்களைப் போன்றவர்கள் முற்பணம் வாங்குகிற அன்றைக்கே, வருகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு, அந்த இலக்கத்துக்கு ஒரு கோல் எடுத்துவிடலாம்.

வைரவபுளியங்குளத்து வாசகர்,
வவுனியா.