கோயில் கயிற்றில் காய்ந்த நோட்டு

எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் கோயில் சபையாருக்கு, எதிர்த் தெரு வாழைக்காரர் வீட்டிலிருந்து எழுதும் நன்றி மடல் இது.

2023 டிசம்பர் 17, 18 மழை வெள்ளத்தில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் சமைத்துப் போட்டதையும் நாடே பார்த்தது. ஏரல் பக்கம் எங்கள் தெருவில் நடந்தது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ராத்திரியே கோயிலைத் திறந்து வைத்த, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டி அண்ணாச்சி, சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் அண்டாக்களை இறக்கி மூன்று வேளையும் பொங்கிப் போட்ட அக்காமார், எங்கள் அத்தையைக் கட்டிலோடு தூக்கி வந்த வாலிபர் சங்கத்துத் தம்பிகள், எல்லாருக்கும் கும்பிடு. இவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் அப்போது இடுப்பளவு தண்ணீர்.

ஆனால் என் மனசை விட்டுப் போகாதது ஐயரம்மா, அதாவது சபைப் போதகரின் மனைவி, செய்த காரியம்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டை விட்டு இறங்கும்போது அவள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பை. உள்ளே உயிரியல் ரெக்கார்டு நோட்டு. நெஞ்சளவு தண்ணீரில் வந்ததில் அதுவும் ஊறி ஒட்டிப்போயிருந்தது. தோட்டம் போனதற்கு அழாத பிள்ளை இதற்கு அழுதாள். "உயிரோட இருக்கோமே, நோட்டு என்ன பெரிய நோட்டு" என்று அதட்டினேன். ஐயரம்மா அதட்டவில்லை. "கொண்டாம்மா" என்று வாங்கி, தையலைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகக் கிழியாமல் உரித்து எடுத்தார். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிடக் கட்டியிருந்த கயிற்றில் துணி கிளிப் மாட்டி அத்தனையையும் காயப்போட்டார். கரண்ட் இல்லை. சிரட்டைக் கரி போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, தாள்மேல் பழைய வேட்டித் துணியை விரித்து, மெதுவாகத் தேய்த்தார். இரண்டு நாள் வேலை அது.

பேனா எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. பென்சிலில் போட்ட படங்கள் அப்படியே இருந்தன. மகரந்தப்பையின் குறுக்குவெட்டுப் படத்தைத் தூக்கி, "எவ்வளவு அழகா வரைஞ்சிருக்கா பாருங்க" என்று அங்கிருந்த எல்லாரிடமும் காட்டினார். அப்புறம்தான் என் மகள் சாப்பிட உட்கார்ந்தாள்.

பசித்தவருக்குச் சோறு போடத் தோன்றும். ஊரே மூழ்கிக் கிடக்கையில் ஒரு பிள்ளையின் நோட்டுக்காக உட்காரத் தோன்றுமா? எனக்கே தோன்றவில்லையே, பெற்றவளுக்கு. இருபது வருஷமாக எதிரெதிரே இருக்கிறோம். கேரல் பாட வந்தால் வாசலில் நின்று கேட்டு, பத்து ரூபாய் கொடுத்து அனுப்புவதோடு சரி. கோயிலுக்குள் நாங்கள் கால் வைத்ததே அந்த ராத்திரிதான்.

பிப்ரவரியில் பிராக்டிகல். படங்களைப் புது நோட்டில் ஒட்டி, எழுத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நாங்களும் மறுபடி வாழை வைக்கிறோம். கன்று தேறி வந்தபின் நடக்கும் முதல் அசனத்துக்கு இலை முழுக்க எங்கள் தோட்டத்திலிருந்துதான் வரும். காசு என்று யாரும் பேச்செடுக்கக் கூடாது.

ஐயரம்மா, உங்கள் துணி கிளிப் பதினான்கு எங்கள் பையோடு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மகளே கொண்டு வந்து தருவாள்.