உன் மகள் இதழ் வேலையிலேயே இருக்கட்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் தானே படிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். மனசுக்கு நிறைவாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பக்கம் அமைக்கும் ஆசை என்னை விடவில்லை. மாணவர் இதழ் நடத்தும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.

கடிதத்தில் பாதிக்கு மேல் மகளைப் பற்றிய கவலைதான். கல்லூரி இதழுக்கு லேஅவுட், அதாவது பக்க அமைப்பு, செய்கிறேன் என்று ராத்திரியெல்லாம் கணினி முன் உட்கார்ந்திருக்கிறாள், டிசைன்தான் ஆசை என்றால் ஒழுங்காக ஒரு வகுப்பில் சேரலாமே என்கிறாய். சேரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக இதழை விடச் சொல்லாதே.

வகுப்பில் தரும் பயிற்சியில் எல்லாம் வசதியாக இருக்கும். அளவான தலைப்பு, தெளிவான படம், தொந்தரவு செய்யாத கட்டுரை. இதழில் அப்படியா? 600 சொல் கேட்டால் 1,100 சொல் வரும். படம் இருட்டாக இருக்கும். எழுதியவன் பக்கத்து வகுப்பில் இருப்பான், ஒரு வரி குறைந்தாலும் வந்து நிற்பான். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாளோ மாறாது. இத்தனைக்கும் நடுவில் ஒரு பக்கத்தை ஒழுங்காகக் கொண்டுவருகிறவளுக்குத்தான் கை பழகும்.

அதைவிட முக்கியமானது, பக்கம் அமைப்பவள் முதலில் படிக்கிறவளாக ஆக வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு மாணவி கவிதைப் பக்கம் ஒன்றைக் கொண்டுவந்தாள். கடைசி மூன்று வரி அடுத்த பக்கத்துக்குத் தாவியிருந்தது. எழுத்தைச் சிறிதாக்கினால் அடங்கிவிடும் என்றாள். பக்கத்தை அதன் அசல் அளவில் அச்செடுத்து, கவிதையை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். இரண்டாம் தடவை படிக்கும்போது பாதியில் அவளே நிறுத்திவிட்டாள். மழை வருவதைக் கவிதை கடைசியில்தான் சொல்கிறது. மேலே பெரிதாக வைத்திருந்த மழைப் படமோ அதை முதலிலேயே சொல்லிவிடுகிறது. படத்தை எடுத்தாள், இடம் கிடைத்துவிட்டது. எழுத்தில் கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. எந்த மென்பொருளைக் கற்றாலும் இந்தக் கண் அதிலிருந்து வராது.

மகளிடம் ஒரு காரியம் செய்யச் சொல். கணினியைத் தொடுவதற்கு முன் கையால் ஒரு டம்மி, அதாவது இதழின் வெற்றுத்தாள் மாதிரி, செய்யட்டும். நான்கு தாளை அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கம். வரிசையாக எண் போட்டுவிட்டு, தாள்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கட்டும். 1-க்குப் பக்கத்தில் 16 இருக்கும், 2-க்குப் பக்கத்தில் 15. நடுவில் வரும் 8, 9 மட்டும்தான் எதிரெதிராக ஒரே தாளில் அமையும். இரண்டு பக்கத்துக்கும் பரவும் குழுப்படம் இருந்தால் அங்கே வைப்பதுதான் நிம்மதி. வேறு எங்கு வைத்தாலும் பாதி ஒரு தாளிலும் மீதி இன்னொரு தாளிலும் அச்சாகும், மடிப்பில் யாருடைய முகமாவது விலகி நிற்கும். நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருந்தாக வேண்டும் என்பதும் அந்தத் தாள்களைக் கையில் வைத்திருக்கும்போதே புரிந்துவிடும். கடைசி நேரத்தில் ஒரு கட்டுரை வந்தால் ஒரு பக்கம் மட்டும் சேர்க்க முடியாது. நான்கு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வேறு எதையாவது விட வேண்டும். எதை விடுவது என்று ஆசிரியர் குழுவோடு உட்கார்ந்து வாதாடும்போது அவள் கற்பதும் டிசைன்தான்.

தமிழ்ப் பக்கங்களைப் பற்றிக் கேட்டிருந்தாளாம். ஆங்கிலப் பக்கத்துக்குப் போட்ட அளவுகளை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. நம் எழுத்தில் மேலே புள்ளியும் சுழியும், கீழே கூ, மூ என்று இறங்கும் வளைவும் உண்டு. வரி இடைவெளி குறைந்தால் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். 11 பாயின்ட் எழுத்துக்கு வரிக்கு வரி 16 பாயின்ட் இடைவெளியில் தொடங்கிப் பார்க்கட்டும், ஃபாண்டைப் பொறுத்துக் கூட்டலாம், குறைக்கலாம். சொற்களும் நீளம். ‘ஒருங்கிணைப்பாளர்களுக்கு’ என்ற ஒரு சொல்லே ஒரு வரியில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் பத்தி (காலம்) குறுகலாக இருக்கும்போது இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று அடம்பிடித்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். வலது ஓரத்தை அதன் போக்கில் விடலாம், அல்லது மூன்று பத்தியை இரண்டாக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் கெ, கே போன்றவற்றின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதென்றால் பயப்பட வேண்டாம். பாராகிராஃப் அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கட்டுரைகளை எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடு முறையில்தான் தர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடட்டும். பாமினி போன்ற பழைய ஃபாண்டில் வந்ததை மாற்றினால், மாற்றிய பிறகு முழுதாக ஒரு தடவை மெய்ப்புப் பார்க்க வேண்டும், அதாவது பிழை திருத்த வேண்டும்.

அச்சு விஷயங்களை அச்சகத்துக்காரரிடமே கேட்டுக் கற்பது நல்லது, அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஓரம் வரை போகும் படத்தைத் தாளை வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டுவது, சிறிய எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்றை மட்டும் பயன்படுத்துவது எல்லாம் அங்கே போய்வந்தாலே தெரிந்துவிடும். படத்துக்கு மட்டும் ஒரு கணக்கு: அங்குலத்துக்கு 300 பிக்சல். 1600 பிக்சல் அகலமுள்ள படம் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். ஏ4 பக்கத்தின் முழு அகலத்துக்கு 2480 வேண்டும். அதனால் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை அட்டைக்கு வைக்க வேண்டாம், எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்கட்டும்.

இதழ் வந்த பிறகு, வேலைக்கு விண்ணப்பிக்க அதைக் காட்டலாமா என்றும் கேட்டிருக்கிறாய். தாராளமாக. அட்டையை மட்டும் காட்ட வேண்டாம். ஒரு பக்கத்தின் முதல் வடிவம், மாற்றிய வடிவம், ஏன் மாற்றினாள் என்று இரண்டு வரி, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பார்க்கிறவருக்கு அவள் யோசிக்கும் விதம் தெரியும். கூட வேலை செய்தவர்களின் பெயரும் அதில் இருக்கட்டும்.

இன்னொன்று. இதழில் பயன்படுத்திய எழுத்தளவு, தலைப்பு, மார்ஜின், எண்களை எழுதும் முறை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அடுத்த வருடப் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல். குழு வருடாவருடம் மாறும். இந்தத் தாள் இல்லையென்றால் ஒவ்வொரு குழுவும் முதலிலிருந்து தொடங்கும்.

திருத்தம் பார்ப்பதற்கான முதல் ப்ரூஃப் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. பிடிஎஃப் வேண்டாம், தாளிலேயே அனுப்பு, சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். தேர்வு நாட்களோடு மோதாமல் வேலையைப் பிரித்துக்கொள்ள முடியுமா என்று அவளிடமே கேள், உன்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்