‘ஃபுளோட்டில்லா’ படையன்று: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2025ஆம் ஆண்டு காசாவுக்கு நிவாரணப் பொருள்களுடன் பார்சிலோனாவிலிருந்து படகுகள் கூட்டமாகப் புறப்பட்டது முதல், ‘ஃபுளோட்டில்லா’ என்ற சொல் தமிழிலும் புழங்குகிறது. அதை அப்படியே எழுதினால் பலருக்கு விளங்குவதில்லை. ‘சிறு கப்பற்படை’ என்று பெயர்த்தாலோ பொருளே திரிந்துவிடுகிறது. கடலூர்த் துறைமுகத்தை அடுத்து வாழும் வாசகன் என்ற முறையில் இதனைக் கவலையோடு எழுதுகிறேன்.

அச்சொல் ‘ஃபுளோட்டா’ (கப்பல் கூட்டம்) என்னும் ஸ்பானியச் சொல்லின், சிறியதைக் குறிக்கும் வடிவம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெள்ளி ஏற்றிவந்த வணிகக் கப்பல்களின் கூட்டத்தையும் ஸ்பானியர் ஃபுளோட்டா என்றே அழைத்தனர். ஆயுதம் பொதிந்திருப்பது ‘அர்மாடா’ என்ற சொல்லில்தான்; அதன் இலத்தீன் மூலத்துக்கு ‘ஆயுதம் தரித்தது’ என்று பொருள். பிற்காலத்தில் ஆங்கிலேயர் தம் சிறு போர்க்கப்பல் பிரிவுகளுக்கும் ஃபுளோட்டில்லா என்று பெயரிட்டதால், படை என்ற பொருள் நம்மிடையே முந்திக்கொண்டது எனக் கருதுகிறேன்.

படை எது என்பதைக் கடலூர் கண்டிருக்கிறது. 1783 ஜூன் 20 அன்று சுஃப்ரேனின் 15 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும் ஹியூஸின் 18 ஆங்கிலேயப் போர்க்கப்பல்களும் இக்கடலில்தான் பீரங்கிகளோடு மோதின. ஆனால் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் விலாவோடு விலா உரச, இடையில் பழைய டயர்கள் தொங்க, ஒன்றின் கயிறு அடுத்ததில் முடியப்பட்டு நிற்கும்போது அவற்றைப் படையென்று சொல்வார் யாருமில்லை. உப்பு விற்று நெல்லோடு வந்த பஃறிகள் (படகுகள்) இலாயத்துக் குதிரைகளைப் போலக் கட்டப்பட்டிருந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது, அவையும் படையல்ல. கடாரத்தின்மீது போருக்கே சென்ற இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்திகூட ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று கலங்களைக் கலங்களாகவே கூறுகிறது.

ஆகவே ‘படகணி’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். பெரிய கப்பல்களாயின் ‘கலவணி’ எனலாம். ‘படகுத் தொகுதி’ என்பதும் பிழையன்று, ஆனால் தொகுதி என்றதும் நமக்குத் தேர்தலே நினைவுக்கு வருகிறது. ‘அணி’ போருக்கும் உரியதுதானே என்று கேட்கலாம். வரிசை, ஒழுங்கு என்பனவும் அதன் பொருள்களே. விளையாட்டு அணியைப் படையென்று இன்று எவரும் கொள்வதில்லை.

மாவும் மருந்தும் ஏற்றிய படகுகளைப் படையென்று நாம் எழுதினால், அவற்றை மறித்த இஸ்ரேலியக் கடற்படையின் செயலுக்கு நம்மையறியாமலேயே நியாயம் சேர்த்தவர்களாவோம். எனவே இனிவரும் செய்திகளில் படகணி என்று எழுதி, முதல் சில முறைகளேனும் அருகில் ஒரு வரி விளக்கம் தருமாறும், கப்பற்படை என்ற சொல்லை ஆயுதம் தாங்கிய கலங்களுக்கு மட்டுமே வழங்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகர் வாசகன்